மூண்டு சோடி மேஸ்

அதை வையுங்கோ தங்கச்சி. ஓம், உங்களைத்தான். அந்தப் பத்துச் சோடி வெள்ளைப் பாக்கெற்றை எடுத்த இடத்திலையே வையுங்கோ. குறை நினையாதேங்கோ. ஃபோனிலை "என்னங்க, பத்து ஜோடி ஒண்ணா வருது, எடுத்துக்கவா?" எண்டு கேட்டியள். தமிழ் எண்டு தெரிஞ்சுது, அதுதான் வாய் குடுத்தனான். மற்றும்படி நான் மற்ற ஆக்களின்ரை விஷயத்திலை தலையிடுற ஆள் இல்லை.

இந்தியாவோ? மதுரைப் பக்கமோ? வந்து எத்தினை நாள்? மூண்டு கிழமையோ! நல்ல வடிவான நேரம் பாத்து வந்திருக்கிறியள். வின்னிபெக்குக்கு மார்கழியிலை வாற ஆக்களுக்கு ஒரு மெடல் குடுக்கோணும். நீங்கள் சாக்ஸ் எண்டுவியள், நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள் மேஸ் எண்டுறது. பேர் என்னவா இருந்தால் என்ன, விறைக்கிற கால் ஒண்டுதானே.

ஆருக்கு, அவருக்கோ? வெளி வேலையோ? கட்டிட வேலை. அப்ப கட்டாயம் வையுங்கோ அதை. உங்களுக்கு அவசரம் இல்லைத்தானே? எனக்கும் இல்லை. நான் இந்த மேஸ் தட்டுக்கு முன்னாலை வந்து நிக்கத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் ஆகுது. என்ரை மனிசன் அங்காலை சப்பாத்துப் பக்கம் கதிரையிலை இருக்கிறார். உந்த நீல ஜக்கற், மொட்டைத் தலை. அவர்தான். இருத்தின இடத்திலை இருப்பார். அந்த வகையிலை நான் குடுத்து வைச்சனான்.

நானும் உந்தப் பாக்கெற்றைத்தான் வாங்கினனான். ஏன் வாங்கினனான்? துணி தெரியாமலோ? பதினெட்டு வருஷமா ஒரு ஹோட்டல் லோன்றியிலை வேலை செய்யிறன் தங்கச்சி. துவாய், படுக்கை விரிப்பு, தலையணை உறை, கலியாண மண்டபத்து மேசை விரிப்பு, எல்லாம் என்ரை கையாலைதான் போகும். ஒரு துணியைத் தொட்டனெண்டால் காணும், என்ன நூல், எத்தினை தரம் தோய்ச்சது, எந்தச் சூட்டிலை தோய்ச்சது எண்டு சொல்லிப்போடுவன். புதுசா வாற பெட்டையளுக்கு நான்தான் பழக்கி விடுறது. வெள்ளைப் பருத்தி மாதிரி ஒரு சுத்தமான சாமான் உலகத்திலை இல்லை. கொதிதண்ணியிலை போடலாம், பிளீச் விடலாம், ஊத்தை ஒளிச்சிருக்க இடமில்லை.

இவருக்குப் பேர் பேரின்பநாயகம். எயாப்போட்டிலை பிளேனுக்குப் பெட்டி ஏத்துறவர். அங்கை கூட வேலை செய்யிற ஆக்களுக்கு அந்தப் பேர் வாய்க்குள்ளை போகாது, 'பெரி' எண்டு கூப்பிடுவினம். பெரியாம். கொஞ்சம் நடந்து, கொஞ்சம் பேசி, 'ஓம்', 'இல்லை', 'பறவாயில்லை' எண்டு மூண்டு சொல்லோடை காலத்தைக் கொண்டு போற மனிசன். பத்து வருஷம் உள்ளுக்கை நிண்டு பெட்டி பிரிக்கிற வேலை, ஒரு கரைச்சலும் இல்லை. போன வருஷம் கார்த்திகையோடை ஆளை வெளியிலை, பிளேனடியிலை போட்டிட்டாங்கள். மைனஸ் முப்பது. காத்தையும் சேத்தால் மைனஸ் நாப்பத்தைஞ்சு. ரேடியோவிலை ஒரு பெட்டை சொல்லுவாள், வெளியிலை தோல் தெரிய அஞ்சு நிமிஷம் நிண்டால் விறைச்சு வெள்ளையாப் போகும் எண்டு. சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவாள். என்ன சந்தோசமோ.

சரி, குளிர் எண்டால் நான் சும்மா இருப்பனோ? மனிசனுக்குச் சப்பாத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போனன். ஒன்பதாம் நம்பர் கால், ஒன்பதாம் நம்பர் சப்பாத்து. அச்சொட்டா இருந்துது. கடையிலை நிண்ட பெடியன் சொல்லுறான், "மொத்த மேஸ் போடப் போறியள் எண்டால் ஒரு நம்பர் பெருசா எடுங்கோ, விரல் ஆட இடம் வேணும்" எண்டு. விரல் ஏன் ஆடோணும்? வேலைக்குப் போறது பெட்டி ஏத்தவோ, விரல் ஆட்டவோ? ஒன்பதும் பத்தும் ஒரே விலைதான், எண்டாலும் அவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருந்திருக்கும்.

பேந்து உந்தப் பாக்கெற். ஒண்டுக்கு மேலை ஒண்டாய் மூண்டு சோடி. கணக்குச் சரிதானே? ஒரு சோடி ஒரு மடங்கு சூடு எண்டால் மூண்டு சோடி மூண்டு மடங்கு. முதல் நாள் நானே குந்தியிருந்து இழுத்து மாட்டி விட்டனான். கால் சப்பாத்துக்குள்ளை போகேல்லை. போகேல்லை எண்டால் விடுறதோ? குதிக்காலடியிலை அகப்பைக் காம்பை வைச்சு நெம்பினன், போச்சுது. 

"இறுக்கமோ?" எண்டு கேட்டன்.

"பறவாயில்லை" எண்டார்.

பறவாயில்லை எண்டால் என்ன அருத்தம்? பறவாயில்லை எண்டுதானே அருத்தம்! ஒரு மாசம் அப்பிடியே போய் வந்தார். ஒரு முறைப்பாடு கிடையாது. நான் நினைச்சன், மூண்டு சோடி நல்லா வேலை செய்யுது எண்டு. மற்றப் பெண்டுகளுக்கும் சொல்லிக் குடுத்தனான்.

மார்கழி கடைசியிலை ஒரு நாள் வேலையாலை வந்து வாசலிலை சப்பாத்தைக் கழட்டினார். காலிலை சாம்பல் நிறத்திலை மொத்தமா ஏதோ ஒண்டு. மேல் விளிம்பிலை சுத்திவர ஒரு சிவப்புக் கோடு.

"இதென்ன?"

"மேஸ்."

"மேஸ் எண்டு தெரியுது. ஆற்றை?"

"என்ரை."

"நான் வாங்கேல்லையே."

மனிசன் ஜக்கற்றை ஆணியிலை கொளுவினார், தொப்பியைக் கழட்டினார், கையுறையைக் கழட்டினார். கழட்ட ஒண்டும் மிச்சமில்லை எண்டு கண்ட பிறகுதான் வாய் திறந்துது. "ஹலீனா பின்னித் தந்தவ."

"ஆர் ஹலீனா?"

"வேலையிலை."

வேலையிலையாம். நான் என்ன, தோட்டத்திலை எண்டோ நினைச்சன்? ஹலீனா உக்ரேன்காரியாம். அவையள் சாப்பிடுற அறையைத் துப்புரவாக்குறவளாம். கம்பளி நூலாம். தன்ரை கையாலை பின்னினவளாம். ஏன் பின்னினவள் எண்டு கேட்டன். "சும்மா" எண்டார். சும்மா! தங்கச்சி, நான் இருபத்தேழு வருஷம் இவரோடை குடும்பம் நடத்துறன். எனக்கு மூக்குத் துடைக்க ஒரு கைலேஞ்சி ஆரும் சும்மா தந்ததில்லை. 

நான் பொறாமைப்படுற ஆள் இல்லை. அதைச் சொல்லிப்போட வேணும். ஆனால் கண் இருந்தால் காணத்தானே செய்யும். தோய்ச்சு வைச்ச உடுப்பை ஒரு நாளும் மடிச்சு அலுமாரியிலை வைச்சு அறியாத மனிசன், அந்த மேஸை ஹீற்றருக்குப் பக்கத்திலை கொண்டு போய், உள்பக்கம் வெளியிலை திருப்பி, கையாலை நீவி நீவிக் காயப் போடுறார். பிறகு கதிரையிலை சாய்ஞ்சு இருந்து விரலை ஆட்டுறார். ஆட்டிப் பாத்துச் சிரிக்கிறார்! கலியாண வீட்டுப் படத்திலைகூட அப்பிடி ஒரு சிரிப்பு இல்லை.

"தாங்கோ, தோய்ச்சு விடுறன்" எண்டன்.

"வேண்டாம். கம்பளியை அடிக்கடி தோய்க்கத் தேவையில்லையாம். காத்துப் பட விட்டால் காணுமாம். ஹலீனா சொன்னவ."

கேட்டியளே? தோய்க்கத் தேவையில்லையாம். ஆருக்குச் சொல்லுறார்? லோன்றியிலை நிக்கிற எனக்குச் சொல்லுறார். அதுவும் ஆர் சொன்னதாம்? துடைக்கிறவள் சொன்னதாம்.

ஒரு கிழமை பொறுத்தன். என்னைப் போலை பொறுமைசாலி ஒராள் இந்த மானிட்டோபாவிலை இல்லை. இவர் என்னடா எண்டால் அந்த ஒரு சோடியை மட்டும் போட்டுக்கொண்டு போறார். ஒரு சோடி! நான் வாங்கி வைச்ச பருத்தி மேஸ் முழுக்க அலுமாரி லாச்சிக்குள்ளை கிடந்து என்னைப் பாக்குது. ஞாயிற்றுக்கிழமை காலமை இவர் கோயிலுக்குப் போயிட்டார். நான் உடுப்புத் தோய்க்க எடுத்தன். ஹீற்றரடியிலை அது கிடந்துது. ஊத்தை எண்டு நான் சொல்ல மாட்டன், எண்டாலும் பிற ஆக்களின்ரை கை பட்ட சாமான், கிருமி இருக்கும் தானே? துவாயளோடை சேத்துப் போட்டன். கொதிதண்ணி. ஒரு மணித்தியாலம். பேந்து ட்றையரிலை பெரிய சூட்டிலை போட்டன். எடுத்துப் பாத்தன், உள்ளுக்கை இன்னும் ஈரம் இருக்குமோ எண்டு ஒரு சந்தேகம். அதாலை இன்னொருக்காப் போட்டன்.

பாருங்கோ, கம்பளி அப்பிடிச் சுருங்கும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

இந்தா, இவ்வளவுதான் இருந்துது. என்ரை உள்ளங்கையளவு. பச்சைக் குழந்தைக்குப் போடலாம். மட்டை மாதிரித் தடிச்சு, சிவப்புக் கோடு ஒரு சின்ன வளையமாய்ச் சுருண்டு போய். அதை லாச்சியின்ரை அடியிலை, பழைய கழுத்துப்பட்டியள் எல்லாம் கிடக்கிற இடத்திலை வைச்சன். ஒளிக்கேல்லை. வைச்சன்.

திங்கட்கிழமை விடியக் காலமை இவர் ஹீற்றரடியிலை குனிஞ்சு தேடுறார்.

"அந்த மேஸ்?"

"தோய்க்கப் போட்டது. காயேல்லை."

மனிசன் கொஞ்ச நேரம் ட்றையரைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். "சரி" எண்டார். லாச்சியைத் திறந்து மூண்டு சோடி பருத்தி எடுத்து, ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் போட்டு, சப்பாத்தைக் குத்திக் குத்தி ஏத்திக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சுக்குள்ளை ஒரு நிறைவு. வீட்டுச் சாமானை மதிக்கிறார் எண்டு.

அண்டைக்கு மைனஸ் முப்பத்தொன்பது. ரேடியோப் பெட்டைக்குச் சந்தோசம் தாங்கேல்லை. பிளேனுக்குப் பெட்டி கொண்டு போற பெல்ற் மெசின் குளிரிலை இறுகி நிண்டிட்டுதாம். கையாலை தூக்கித் தூக்கி ஏத்தினவையாம். தூக்கேக்கை வேர்த்ததாம், நிக்கேக்கை விறைச்சதாம். எல்லாம் பேந்துதான் தெரியும். இவராய்ச் சொல்லவோ போறார்?

பின்னேரம் நாலு மணிக்கு வந்தார். தாரா மாதிரி ஆடி ஆடி நடக்கிறார். நான் நினைச்சன், கம்பளி மேஸ் இல்லை எண்டு எனக்கு நடிச்சுக் காட்டுறார் எண்டு. ஆம்பிளையளின்ரை நடிப்பு எனக்குத் தெரியாதோ? "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி ஆறப் போகுது" எண்டன். வந்து இருந்தார். குடிச்சார். குடிச்சு முடிச்சு, "இஞ்சரும், எனக்கு இடது கால் இருக்குதோ எண்டு ஒருக்காப் பாரும்" எண்டார்.

பகிடி எண்டு நினைச்சன். பகிடி விடுற மனிசன் இல்லை எண்டது எனக்கு அந்த நேரம் மறந்து போச்சுது.

சப்பாத்தை இழுத்தன். மூண்டு மேஸும் ஒண்டோடை ஒண்டு ஒட்டி ஈரமாய், பிழிஞ்சால் தண்ணி வரும். நுனியிலை பனிக்கட்டி. கடைசி மேஸைக் கழட்டினன். தங்கச்சி, விரல் அஞ்சும் மெழுகுதிரி. வெள்ளை. மாபிள் மாதிரி வெள்ளை. சுண்டினால் 'டொக்' எண்டு சத்தம் வரும் போலை. நான் தைலம் எடுத்து வைச்சுத் தேய்ச்சன், என்ரை பலம் முழுக்கக் குடுத்துத் தேய்ச்சன். பேந்து கேத்திலிலை இருந்த சுடுதண்ணியை ஒரு பிளாஸ்ரிக் பேசினிலை ஊத்தி, கொஞ்சம் பச்சைத்தண்ணி கலந்து காலைத் தூக்கி வைச்சன். என்ரை கை பொறுக்கேல்லை, அவ்வளவு சூடு. இவர் யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டிருக்கிறார்.

"சுடேல்லையோ?"

"தண்ணி ஊத்திப் போட்டீரோ?" எண்டு கேட்டார்.

அப்பதான் ஃபோனடிக்கு ஓடினன். ரக்சிக்கு நம்பர் அமத்த மூண்டு தரம் பிழைச்சுப் போனன்.

ஆசுப்பத்திரியிலை ஒரு பொம்பிளை டொக்ரர், சின்னப் பிள்ளை. வந்தவுடனை கேள்வி. தேய்ச்சது ஆர்? சுடுதண்ணி ஊத்தினது ஆர்? ஏதோ நான் கொள்ளையடிச்ச மாதிரி. தேய்க்கக் கூடாதாம், இளஞ்சூட்டுத் தண்ணியிலைதான் வைக்கோணுமாம். ஒவ்வொருத்தரும் தேர்மோமீற்றரோடையே பிறந்தவை? பேந்து கேட்டாள், "எத்தினை மேஸ் போட்டவர்?" நான் நல்ல நிமிந்து நிண்டு, "மூண்டு சோடி" எண்டன். பாராட்டுவாள் எண்டு பாத்தன். அவள் அந்த ஈர மேஸைத் தூக்கிப் பிடிச்சுச் சொல்லுறாள், இதுதான் காரணமாம். பருத்தி வேர்வையை உறிஞ்சி வைச்சிருக்குமாம், ஈரம் காலைக் குளிரப் பண்ணுமாம். மூண்டு சோடியை இறுக்கமான சப்பாத்துக்குள்ளை அடைச்சால் ரத்தம் ஓடாதாம், சூடு நிக்கக் காத்துக்கு இடமில்லையாம். வேர்வையாம்! மைனஸ் முப்பத்தொன்பதிலை வேர்வையாம்!

"கம்பளி மேஸ் ஒண்டும் இல்லையோ?" எண்டு இவரைக் கேட்டாள்.

இவர் என்னைப் பாக்கவே இல்லை. மேலை லைற்றைப் பாத்துக்கொண்டு சொன்னார், "இருந்தது. நான்தான் அண்டைக்குப் போடாமல் போனன்."

பாத்தியளே? தன்ரை வாயாலையே ஒத்துக்கொண்டார். நானாய் ஒண்டும் சொல்லேல்லை.

டொக்ரர் போன பிறகு நான் கேட்டன். கேக்கத்தானே வேணும்? "கால் விறைக்குது எண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தானே? ஊரிலை உள்ள துடைக்கிறவளுக்குச் சொல்லத் தெரியுது, கட்டின பெண்டிலுக்குச் சொல்லத் தெரியேல்லையோ?"

இவர் கட்டிலிலை கிடந்தபடி சொன்னார். இருபத்தேழு வருஷத்திலை அவர் ஒரே மூச்சிலை கதைச்சதிலை அதுதான் நீளம், அதாலை எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்குது. "நான் அவவுக்குச் சொல்லேல்லை. நான் சாப்பாட்டு அறையிலை சப்பாத்தைக் கழட்டி, விரலுக்குப் பேப்பர் சுத்திக்கொண்டு இருந்தனான். அவ கண்டவ. உமக்குச் சொன்னால் நீர் நாலாவது சோடியைப் போடச் சொல்லுவீர். வேண்டாம் எண்டால் கோவிப்பீர். நீர் கோவிச்சால் ஒரு கிழமைக்கு வீடு விறைக்கும். அதுக்குக் கால் விறைக்கிறது பறவாயில்லை எண்டு விட்டிட்டன்."

நானோ தங்கச்சி கோவிக்கிறனான்? உங்களுக்கு நான் கோவக்காரி மாதிரித் தெரியுதோ? சொல்லுங்கோ! எனக்கு வந்த மனவருத்தத்திலை மூண்டு நாள் நான் அவரோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அவ்வளவுக்கு மனம் நொந்து போனன்.

ஆனால் ஒண்டு. அந்த மூண்டு நாளும் அவருக்குக் கட்டு மாத்தினது நான்தான். டொக்ரர் சொன்ன சூட்டிலை, தேர்மோமீற்றர் வாங்கி வைச்சு, தண்ணி அளந்து அளந்து. ஒரு விரல் கறுத்துக்கொண்டு வந்துது. மற்ற நாலும் மெல்ல மெல்லச் சிவந்து உயிர் வந்துது, சுண்டுவிரல் வரேல்லை. பங்குனியிலை அதை எடுத்தாச்சு. சின்ன விரல்தானே, ஒண்டுக்கும் உதவாத விரல் எண்டு எல்லாருக்கும் சொன்னன். வீட்டுக்கு வந்து அவர் முதல் தரம் எழும்பி நடக்க வெளிக்கிட்டு, இடப் பக்கம் சரிஞ்சு, சுவரைப் பிடிச்சார். அந்த ஒண்டுக்கும் உதவாத விரல்தான் அவ்வளவு நாளும் ஆளை நேரா வைச்சிருந்தது எண்டு ஆருக்குத் தெரியும்.

சித்திரையிலை ஒரு சனிக்கிழமை மணி அடிச்சுது. கதவைத் திறந்தன். ஒரு கிழவி. அறுபத்தைஞ்சுக்கு மேலை இருக்கும். என்னைவிட இரண்டு மடங்கு அகலம், முன் பல்லிலை ஒண்டு தங்கம், கையிலை துணியாலை சுத்தின ஒரு சட்டி. "பெரி இருக்கிறாரோ? நான் ஹலீனா" எண்டாள்.

நான் அவ்வளவு நாளும் எப்பிடி ஒராளை மனசிலை வைச்சிருந்தன் எண்டு உங்களுக்குச் சொல்ல மாட்டன். பொன் தலைமயிர், உயரமாய்... அது கிடக்கட்டும்.

உள்ளுக்கை இருத்தினன். தேத்தண்ணி வைச்சன், வீட்டுக்கு வந்தவளுக்கு வைக்கத்தானே வேணும். சட்டியிலை பீற்றூட் சூப். இவரும் அவளும் கதைச்சினம். ரெண்டு பேருக்கும் இங்கிலீசு அரைகுறை, எண்டாலும் கதை ஓடுது. என்னோடை முழுத் தமிழிலை ஓடாத கதை. பிறகு அவள் கேட்டாள், "பெரி, அந்த மேஸ் எங்கை? குதிக்கால் தேய்ஞ்சிருக்கும், தாங்கோ, தைச்சுத் தாறன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

இவர் சொன்னார், "அது துலைஞ்சு போச்சுது ஹலீனா. நான்தான் எங்கையோ விட்டிட்டன். மன்னிக்கோணும்."

அவளின்ரை முகம் ஒருக்கால் வாடிப் போச்சுது. "பறவாயில்லை, மேஸ்தானே" எண்டாள்.

எனக்கு என்ன வந்துதோ தெரியாது. எழும்பிப் போய், லாச்சியை இழுத்து, அடியிலை கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்து மேசையிலை வைச்சன். ஏன் எண்டால், என்ரை வீட்டுச் சாமான் ஒண்டும் துலையிறதில்லை. லாச்சியிலை பத்திரமா இருக்கிற ஒண்டைத் துலைஞ்சுது எண்டு சொல்லுறது எனக்குப் பிடிக்காது. ஒரு ஒழுங்கு வேணும் தானே? வேறை ஒரு காரணமும் இல்லை.

அவள் அதைக் கையிலை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பாத்தாள். ரெண்டு விரலை உள்ளுக்கை விட்டுப் பாத்தாள், அதுக்கு மேலை போகேல்லை. பிறகு என்னைப் பாத்தாள். நான் நிமிந்துதான் நிண்டன்.

"நல்ல சுத்தம்" எண்டாள்.

சொல்லிப்போட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்குது, தங்கப் பல் மினுங்குது, மேசையிலை கோப்பை ஆடுது. இவரும் சிரிக்கிறார். ஒரு கையாலை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். நான் ஏன் சிரிக்கப் போறன்? கொஞ்சம் இருமினன்.

சிரிச்சு முடிச்சு, கண்ணைத் துடைச்சுப்போட்டு, அவ கைப்பையிலையிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்தா. இவருக்கு முன்னாலை, அந்த வயசிலை, முழங்காலிலை குந்தினா. வலது காலை அளந்தா. பேந்து இடது காலை எடுத்து, கட்டுக் கழட்டின அந்த இடத்தை, ஏதோ குருவிக் குஞ்சைத் தொடுற மாதிரித் தொட்டு, குறுக்காலை நாடாவைச் சுத்தினா. "இது கொஞ்சம் ஒடுக்கம். தனியாப் பின்னோணும். இல்லாட்டி அந்த இடத்திலை துணி சுருண்டு கடிக்கும்" எண்டு எனக்குச் சொன்னா. இவருக்கு இல்லை, எனக்கு. மேஸிலை இடது வலது எண்டு இருக்கலாம் எண்டதை நான் அண்டைக்குத்தான் கண்டன், பதினெட்டு வருஷ லோன்றியிலை காணாததை.

நான் குசினிக்குள்ளை போய்ப் பைப்பைத் திறந்து விட்டன். கழுவ ரெண்டு கோப்பை கிடந்துது. கனநேரம் கழுவினன்.

இப்ப அவ பின்னித் தந்த சோடி வீட்டிலை இருக்குது. நான்தான் தோய்க்கிறது. மெசின் பக்கம் கொண்டு போறதில்லை. பச்சைத்தண்ணி, கொஞ்சம் மெல்லிய சவுக்காரம், கையாலை அமத்தி எடுத்து, துவாயிலை விரிச்சுக் காய விடுறது. பிழியக் கூடாது. ஆர் சொன்னது எண்டு கேக்காதேங்கோ, துணியைப் பற்றி எனக்குத் தெரியாததோ?

வாற திங்கட்கிழமை இவர் திரும்ப வெளி வேலைக்குப் போறார். உள் வேலை தாறம் எண்டவங்கள். வேண்டாம் எண்டிட்டாராம். என்னைக் கேக்காமல்! பிளேன் எழும்புறதைப் பாக்கிறது பிடிக்குமாம். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு எனக்குத் தெரிய வருகுது, என்ரை மனிசனுக்கு ஒரு விஷயம் பிடிக்கும் எண்டு. பத்தாம் நம்பர் சப்பாத்து வாங்கியாச்சு. ஆனால் ஒரு சோடி மேஸ் காணாது தங்கச்சி, மத்தியானம் ஈரமானால் மாத்த இன்னொண்டு வேணும். உள்ளுக்குப் போட மெல்லிசா ஒண்டும் வேணும். அதுதான் வந்தனான். முக்கால் மணித்தியாலமா நிக்கிறன். இதிலை எண்பது வீதம் கம்பளி எண்டு போட்டிருக்குது, அதிலை அறுபது. இது கைக்கு மெத்தெண்டு இருக்குது, அது கொஞ்சம் கரடுமுரடு. எனக்கு எது நல்லது எண்டு தெரியும். தொட்டவுடனை தெரியும். ஆனால் எடுக்க வருகுதில்லை. ஒவ்வொருக்காலும் கையை நீட்டுறன், கை திரும்பி வருகுது.

நீங்கள் உங்கடை அவருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டியள் பாருங்கோ, எடுத்துக்கவா எண்டு. அதைக் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள் எடுத்தது பிழையான மேஸ். ஆனால் கேட்டது... சரி, விடுங்கோ. இந்தச் சாம்பல் நிறத்தை எடுங்கோ, சப்பாத்து ஒரு நம்பர் பெருசோ எண்டும் பாருங்கோ.

இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ, ஒருக்கா எழும்பி இஞ்சாலை வாங்கோ! மெல்ல, மெல்ல. கம்பியைப் பிடிச்சு வாங்கோ. இவ மதுரைப் பிள்ளை, புதுசா வந்தவ, மேஸ் தெரியாமல் என்னட்டைக் கேட்டுக்கொண்டு நிண்டவ. அது கிடக்கட்டும். இதிலை உங்களுக்கு எது வேணும்?

என்ன, எதெண்டாலுமோ? எதெண்டாலும் எண்டு ஒரு மேஸ் இந்தக் கடையிலை விக்கிறதில்லை. ரெண்டையும் தொட்டுப் பாருங்கோ. காலிலை போடப் போறது நீங்கள். எனக்கு அவசரம் இல்லை.

ஓம், அது மெத்தெண்டுதான் இருக்கும். ஓம். ஏன் திருப்பி வைக்கிறியள்? அதிலை என்ன குறை? சரி, சரி, நான் ஒண்டும் சொல்லேல்லை.

பொறுங்கோ தங்கச்சி, நீங்களும் கொஞ்சம் கதையாமல் நில்லுங்கோ. மனிசன் வாயைத் திறக்கிறார்.